மாத்திரைக்கு மனு

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் தேட வேண்டியது பேனா. போர்வை, வெந்நீர், கஷாயம் எல்லாம் அதற்குப் பிறகுதான். காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்து, ஒரு முழுத்தாளில் மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்பாவின் மேசைமேல் இருக்கும் தகரத் தட்டில் வைக்க வேண்டும். ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட காலம் முழுவதும் எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். நான் கதை கட்டுகிறேன் என்று என் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தார். குண்டு விழத் தொடங்கிய வாரத்தில் அவருடைய வெள்ளைக்கார மேனேஜர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கடைத்தெரு எரிந்துகொண்டிருக்கிறது, அப்பா வாசலை மறித்து நின்று அந்த மாதச் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார். மேனேஜர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். பணம் இல்லை. சளி, காய்ச்சல், சீழ் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று சொல்லி ஒரு போத்தல் சல்பா மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு அப்பா ரசீது எழுதிக் கொடுத்தாராம். வரும்போது தேதி முத்திரையையும் சிவப்பு மையையும் நாடா கட்டிய ஒரு ஃபைலையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கம்பெனி திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருக்கப் போகிறாராம்.

போத்தலில் நாற்பது மாத்திரை இருந்தது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அண்ணன், நான், தம்பி. அண்ணன் மரவள்ளித் தோட்டத்தில் கூலிக்குப் போனான். எனக்குப் பதினைந்து வயது, பெண்பிள்ளை என்பதால் ஜப்பான் சிப்பாய் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். தம்பிக்கு எட்டு வயது.

அந்தக் காலத்தில் வைத்தியம் என்பது பெரிய மனுஷர்கள் சமாசாரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசை இருக்கும், மருந்து இருக்காது. தனி டாக்டர்கள் வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை விரல் நுனியால் தள்ளிவிட்டு, அரிசி இருக்கிறதா, நகை இருக்கிறதா என்று கேட்டார்கள். முதல் வருஷம் எங்கள் ஒரு மாத்திரைக்கு ஒரு கோழி தருவதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஒரு மூட்டை அரிசி. அப்பா விற்க மாட்டார். மருந்து நோய்க்குத்தான் என்பார். ஆனால் நோய் வந்தால் கொடுக்கவும் மாட்டார், ஏனென்றால் இவ்வளவு விலையுள்ள மாத்திரைக்கு இந்த நோய் போதுமா என்பது அவர் கேள்வி.

விலை ஏற ஏற, நோயும் ஏற வேண்டியிருந்தது. முதல் வருஷம் பலத்த காய்ச்சல் இருந்தால் மனுவைக் கையில் எடுத்துப் பார்ப்பார். மூன்றாம் வருஷம் ஆள் நினைவில்லாமல் கிடந்தால்தான் யோசிக்கலாம் என்றார். நினைவில்லாமல் கிடப்பவன் எப்படி மனு எழுதுவான் என்று அவரிடம் கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

முதல் மனு தம்பியுடையது. கிழங்கு தோண்டும்போது காலில் ஆணி ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. ‘மதிப்புக்குரிய ஐயா, எனக்குக் கால் வலிக்கிறது. இப்படிக்குக் கீழ்ப்படிந்துள்ள மகன்’ என்று எழுதி நொண்டிக்கொண்டே போய்த் தட்டில் வைத்தான். எந்தக் கால் என்று குறிப்பிடவில்லை என்று மனு திரும்பி வந்தது. இடது கால் என்று சேர்த்து மறுபடி வைத்தான். அப்பா முத்திரை குத்தினார். ஜப்பான்காரன் வருஷத்தை 2602 என்று மாற்றியிருந்தான். கம்பெனி முத்திரையில் அந்த எண் கிடையாது. அதனால் குத்திய வருஷத்தை அடித்துவிட்டுக் கையால் 2602 என்று எழுதி, கீழே சிவப்பு மையில், ‘மூன்று நாள் பார்க்கலாம்’ என்று உத்தரவு போட்டார்.

மூன்றாம் நாள் தம்பியின் வீக்கம் வற்றத் தொடங்கியது.

“பாத்தியா?” என்றார் அம்மாவிடம். “அவசரப்பட்டிருந்தா மாத்திரை வீணாப் போயிருக்கும்.”

“ஆமாங்க” என்றாள் அம்மா.

அடுத்து அண்ணனுக்கு ஒரு வாரக் காய்ச்சல். மூன்று நாள் பார்க்கலாம். தணிந்தது. தம்பிக்குக் காதில் சீழ். மூன்று நாள் பார்க்கலாம். வற்றியது. அப்பாவுக்குத் தன் சிவப்பு மைமேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கட்டும் டிரெஸர் ஒருவர் எங்கள் வரிசையிலேயே குடியிருந்தார். அவரே ஒருநாள் வேலிப் பக்கம் நின்று, “ஊர் பூரா சாவுது, உங்க வீட்டுல மட்டும் எல்லாம் தானா ஆறுதே, எப்படிண்ணே?” என்று கேட்டார். “பொறுமைலா” என்றார் அப்பா.

மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் என் முறை வந்தது. நெஞ்சில் குத்து, காய்ச்சல், மூச்சு இழுத்தால் விலா கிழிகிற வலி. சுவரில் சாய்ந்துகொண்டு மனு எழுதினேன். அப்பா வாங்கிப் படித்துவிட்டு, ‘கையெழுத்து தெளிவில்லை. இருமல் பலமாகவே இருக்கிறது, ஆள் திடம் என்று தெரிகிறது. மூன்று நாள்’ என்று எழுதி வைத்துவிட்டு, துறைமுகத்தில் ஜப்பான்காரனுக்குக் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். அன்று அவர்மேல் வந்த கோபம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை, பொய் சொல்வானேன்.

அவர் தலை மறைந்ததும் அம்மா அடுக்களையிலிருந்து பெருங்காய டப்பாவோடு வந்தாள். அடியிலிருந்து துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள்.

“இது ஏதும்மா?”

“வாயத் தொற. கேள்வியெல்லாம் அப்பறம்.”

பெருங்காய வாசனையோடு இரண்டு மாத்திரை உள்ளே போனது. பிறகு மெதுவாகச் சொன்னாள். போத்தல் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, அப்பா மாத்திரையை உற்றுப் பார்த்துப் பழகுவதற்கு முன்பே, நாற்பதையும் மாற்றிவிட்டிருக்கிறாள். மரவள்ளி மாவைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து தட்டி, அப்பாவின் பேனா மூடியால் வட்டமாக வெட்டி, வெயிலில் காயவைத்துப் போத்தலில் போட்டாள். நிஜ மாத்திரைதான் தம்பியின் காலுக்கும் அண்ணனின் காய்ச்சலுக்கும் கஞ்சியில் கரைந்து போயிருக்கிறது. சிவப்பு மை ஒன்றும் செய்யவில்லை.

எனக்குச் சிரித்தால் விலா வலித்தது. இருந்தும் சிரித்தேன்.

அந்த வாரத்தில் மிச்சமிருந்த பன்னிரண்டையும் எனக்கே கொடுத்துத் தீர்த்தாள். கடைசி இரண்டை எடுத்ததும் துணியை உதறிக் காட்டினாள்.

“உங்களுக்கு ஒண்ணுகூட வைக்கலயாம்மா?”

“எனக்கென்ன? எனக்கு மனு எழுதத் தெரியாதே” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுச் சட்டப்படி அவளுக்கு நோயே வர முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நானும் கூட்டுக் களவாணி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா மாத்திரைகளைப் பித்தளைத் தட்டில் கொட்டி, பேனாவின் பின்பக்கத்தால் தள்ளித் தள்ளி எண்ணுவார். எந்தப் பேனாவின் மூடியால் வெட்டியதோ அதே பேனா. ஒருநாள் மாத்திரை நடுவிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்து தட்டின் விளிம்பு வரை நடந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதையே பார்த்தார்.

“இங்கிலீஷ் மருந்துலயே வண்டு” என்றார் கடைசியில். “அவ்வளவு சத்து இருக்கு போல.”

“வெயில்ல காட்டுனா போயிரும்ங்க” என்றாள் அம்மா.

தட்டைத் திண்டில் வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்தார். குடை அவருக்கு, வெயில் மருந்துக்கு. அப்படியும் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று நுழைந்து இரண்டு மாத்திரையைக் கொத்தி விழுங்கிவிட்டது. அப்பா நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், உங்கள் கோழி இப்போது மருந்து சாப்பிட்ட கோழி, அது இடுகிற முட்டையில் எங்களுக்குப் பங்கு உண்டு என்று வாதாடினார். அந்த வீட்டம்மா தலைசுற்றிப் போய் இரண்டு முட்டை கொடுத்தனுப்பினாள். முட்டையைப் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா பொரிக்கும்போது முதுகு குலுங்குவதைப் பார்த்தேன், சத்தம் வெளியே வரவில்லை.

கடைசி வருஷம் அம்மா குழாயடியில் வாளியோடு விழுந்தாள். எனக்கு வந்த அதே நெஞ்சுக் காய்ச்சல், என்னைவிட மோசமாக. எத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தாளோ. மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவிலிருந்து வந்த ஜாதிக்காய்த் தைலத்தைத் தேய்த்துப் பார்த்தோம். கேட்கவில்லை. டிரெஸர் வந்து முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஒம்பதாம் நாள் வரைக்கும் பாக்கணும். அதுக்குள்ள எறங்கினா பொழைச்சுக்குவாங்க. உங்ககிட்டதான் மாத்திரை இருக்கே, குடுங்கண்ணே” என்றார்.

வேலி வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணே, அந்த மாத்திரை எங்கயாவது கிடைக்குமா?”

“ஏன், வீட்டுல இருக்குல்ல?”

“இல்லண்ணே. வேற வேணும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஆஸ்பத்திரியில ஜப்பான்காரனுங்க ஆளுக்கே எண்ணி எண்ணித்தான் குடுக்குறானுங்க. சீனத் தவுக்கே கடையிலயும் இல்ல. நகை குடுத்தாலும் கிடைக்காதுலா, தங்கச்சி.”

அவரை நம்பாமல் அம்மாவின் தோட்டைக் கழற்றிக்கொண்டு நானே அந்தச் சீன முதலாளி தவுக்கேயின் கடைக்குப் போனேன். வீட்டைவிட்டு வெளியே வராத பெண், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஓடினேன். தவுக்கே தோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார். என் அம்மாவின் மருந்தை நான் தின்றுவிட்டேன் என்ற ஒரே நினைப்போடு திரும்பி வந்தேன். எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்பா மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“அம்மாவுக்கு எழுதத் தெரியாதுப்பா. இப்பவும் மனு கேப்பீங்களா?” என்று கத்தினேன். அவரை எதிர்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். ‘ஐயா, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு உடம்பு சரியில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. இப்படிக்கு’ என்று எழுதி, அம்மா பெயரைத் தானே போட்டிருந்தார். கீழே சிவப்பு மையில், ‘முழுவதும் வழங்கப்படுகிறது. உடனே.’ முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மருந்து வந்துவிடப் போவதில்லை. அவரிடம் இருந்ததும் போய்விடும்.

அப்பா போத்தலோடு அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு என்று டிரெஸர் சொல்லியிருந்தார். ஜப்பான்காரன் மாற்றிவைத்த டோக்கியோ நேரமா, பழைய நேரமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். பிறகு, “எந்த நேரமா இருந்தா என்ன” என்று அவரே சொல்லிக்கொண்டு முதல் இரண்டைக் கையில் கொட்டினார். அதில் ஒன்று கோணலாக வெட்டியிருந்தது. அவர் எடுத்து நீட்டியபோது அம்மா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

“கசக்குதுங்க” என்றாள்.

“கசந்தாத்தான் மருந்து” என்று தண்ணீரைப் புகட்டினார். பாதித் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது. முந்தானையை எடுத்து அவரே துடைத்துவிட்டார்.

இரண்டு இரண்டாக எல்லாவற்றையும் கொடுத்தார். வேலைக்குப் போகவில்லை. ஜப்பான்காரன் அடிப்பான் என்று அண்ணன் சொன்னான், அடிக்கட்டும் என்றார். எட்டாம் நாள் அம்மாவுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. நான் அடுக்களையில் போய் அழுதேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் பாய் நனைகிற அளவுக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கியது. பசிக்கிறது என்றாள். அப்பா மனுக்கள் இருந்த ஃபைலைத் திறந்து, ‘மருந்து தீர்ந்தது. குணம்’ என்று எழுதி நாடாவைக் கட்டினார்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும், அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் அந்த மாத்திரையின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று ஆமாம் போடுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவள் அந்தப் போத்தலைக் கழுவிக் கடுகு கொட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன், இனிமேலாவது அவரிடம் சொன்னால் என்ன என்று.

“முப்பத்தெட்டு இருந்துச்சு, முப்பத்தெட்டையும் எனக்கே குடுத்தாருடி” என்றாள் அம்மா. “அது மாவுன்னு நான் எதுக்குச் சொல்லணும்?”