ஒரு வலை, இரண்டு கூரை

குருசுக்குப்பத்தில் எங்கள் வீடும் மூத்தார் வீடும் பக்கத்துப் பக்கத்தில். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனார்கள், வலையும் ஒன்றுதான். நானும் மூத்தார் மனைவியும் மட்டும் பேசிக்கொள்வதில்லை. கருவாடு காயவைக்கும் இடத்துக்காக வந்த சண்டை. இடம் என்னுடையது, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஓரிரு வருஷம் இருக்கும். ஐப்பசி கடைசி. வாடைக்காற்று வீச வேண்டிய நேரத்தில் காற்றே இல்லை; தென்னை ஓலைகூட அசையவில்லை. அலை மட்டும் அடியிலிருந்து புரண்டு, சேற்றைக் கிளப்பிக்கொண்டு வந்தது. நண்டுகள் வளையை விட்டு வீட்டு வாசல்வரை ஏறின. இப்போதெல்லாம் காற்று எந்த மாசத்தில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அன்றைக்குப் புயல் வருமா என்று குப்பத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆண்கள் கட்டுமரங்களை அவிழ்த்து, கட்டை கட்டையாகத் தோளில் தூக்கிப்போய் மேட்டிலிருந்த தென்னைகளோடு சேர்த்துக் கட்டினார்கள். பெண்கள் அரிசிப் பானையின் வாயைத் துணியால் கட்டி மணலில் புதைத்தார்கள்.

அடுத்து வலை. கூரைமேல் வலையைப் போர்த்தி, ஓரங்களை இழுத்து முளையடித்துக் கட்டிவிட்டால் புயலில் கீற்று பறக்காது. எங்கள் வலை ஒரு கூரைக்குத்தான் எட்டும். குப்பத்து வழக்கப்படி அது மூத்தவர் வீட்டுக்கு.

எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. பிள்ளைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

"யோவ், உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? பச்சப்புள்ளய மழையில போடச் சொல்றியா?" என்று கத்தினேன்.

"அண்ணன் வூட்டுக்குத்தான் போடணும். நீ புள்ளயத் தூக்கிக்கினு அங்க போ," என்றார் அவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவ வூட்டு வாசப்படிய மிதிப்பனா நானு? செத்தாலும் இங்கதான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, வலையோடு அண்ணன் கூரைமேல் ஏறினார்.

மத்தியானம் வானம் இருண்டு காற்று கிளம்பியது. அண்ணன் தம்பி இருவரும் மேட்டுக்கு ஓடி, கட்டைகளுக்கு இன்னொரு கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே என் கூரையின் ஒரு மூலைக் கீற்று பிய்ந்தது. மழை பிள்ளையின் பாய்வரை வந்துவிட்டது. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தேன். பயம்தான், பொய் சொல்வானேன்? ஆனாலும் எழவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மூத்தார் மனைவி வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கி, முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

"ஏய், புள்ளயக் குடுடி! யாரக் கேட்டுத் தூக்கினு போற?"

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் வீட்டுக்குள் கால் வைத்த உடனே வெளியில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டின்மேல் கூரையே இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் விட்டம் கிடந்தது.

அப்போதும் நான் வாயை மூடவில்லை. அவளைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். அவள் பிள்ளையின் தலையைத் துவட்டி, உலர்ந்த சேலையில் சுற்றி என் மடியில் போட்டாள்.

"மொதல்ல பால் குடு. அப்பறம் திட்டு," என்றாள்.

பிள்ளை வாய்வைத்துக் குடிக்கத் தொடங்கியதும் எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது.