சமையல் கொப்பி வாசிக்கிற உத்தியோகம்

சரித்திரம் படித்தவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். சாப்பாட்டுச் சரித்திரம் படித்தவருக்கு வேலை கிடைத்தாலும், அது வேலைதான் என்று மற்றவர்களை நம்பவைப்பது அதைவிடக் கஷ்டம்.

நான் யாழ்ப்பாணத்தில் வரலாற்று விரிவுரையாளர். மிச்ச நேரத்தில் வீடு வீடாகப் போய், பெண்கள் கையால் எழுதிவைத்த சமையல் கொப்பிகளைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் பார்க்கக்கூடியதாக இணையத்தில் சேர்த்துவைக்கிறேன். உங்களில் யாராவது மெய்யியலோ புவியியலோ படித்துவிட்டு, "அதைப் படிச்சால் என்ன வேலை எடுக்கலாம்?" என்ற கேள்விக்கு முன்னால் முழுசியிருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள். நாங்கள் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தவர்கள்.

பாயாசம்

கரவெட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். தூரத்து உறவில் மாமா முறையான ஒருவர், "பிள்ளை இப்ப என்ன செய்யிறாய்?" என்று கேட்டார். உணவு வரலாறு ஆராய்கிறேன் என்றேன். நாங்கள் சாப்பிடுகிற ஒவ்வொன்றும் எங்கேயிருந்து வந்தது, யார் சமைத்தார்கள், யாருக்குச் சாப்பிடக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்றெல்லாம் விளக்கினேன். மாமா ஒரு சொல் விடாமல் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒரு மனிதருக்காவது விளங்கிவிட்டதே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்தில் பாயாசம் அடிப்பிடித்துவிட்டது என்று சத்தம் எழுந்தது. மாமா என் கையைப் பிடித்து, பட்டுச்சேலையோடு பாயாசம் காய்ச்சிய பெரிய கிடாரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சமையல்காரரைப் பார்த்துச் சொன்னார்: "தள்ளுங்கோ தம்பிமார், இதுக்கெண்டே படிச்ச ஆள் வந்திருக்கிறா."

தோழியை வெட்டுதல்

கொப்பிகளைப் படமெடுத்தால் மட்டும் போதாது. அதிலுள்ள எழுத்தைக் கணினி வாசிக்கவேண்டும். அப்போதுதான் "முருங்கைக்காய்" என்று தேடினால் எல்லா வீட்டு முருங்கைக்காயும் வந்து நிற்கும். அந்த வேலையை என்னோடு இந்த முயற்சியில் சேர்ந்திருக்கும் கணினிப் பொறியியலாளர் நிரோஷன் பொறுப்பெடுத்தார். கணினி முதன்முதலாக வாசித்த பக்கத்தை அச்செடுத்து, முகம் வெளிறிப்போய் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "தோழியை நன்றாகக் கழுவிச் சிறு துண்டுகளாக வெட்டி, மஞ்சளும் உப்பும் பிரட்டி அரை மணித்தியாலம் வைக்கவும்" என்றிருந்தது.

மூலக் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். அதை எழுதிய அம்மா 'க'வுக்குக் கீழே ஒரு சின்ன வால் விடுகிறவர். கணினிக்கு அது 'த'. நானும் நிரோஷனும் மாதக்கணக்காக இருந்து எழுத்தெழுத்தாகத் திருத்திக் கொடுத்தோம். ஒருத்தர் சுழி போடமாட்டார், இன்னொருத்தர் புள்ளியே வைக்கமாட்டார். எல்லார் கையெழுத்தையும் அதற்குப் பழக்கினோம். என் பெயரில் வந்த எந்தக் கட்டுரையைவிடவும் அந்த உழைப்பில் எனக்குப் பெருமை. ஒருநாள் காலமை, நான் விரிவுரை மண்டபத்துக்குள் கால்வைக்கப் போகையில் நிரோஷன் ஓடிவந்து சொன்னார்: "அக்கா, தோழி தப்பிச்சிட்டா!"

அடிக்குறிப்பு

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போட்டிருந்தேன். "கடலுணவை எல்லாம் ஒன்றாகப் போட்டு அவிய விடுவார்கள்" என்று அதில் ஒரு வரி. குருநகரில் மீன் விற்கும் றோசலின் அக்காவுக்கு மகள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். "எழுதின ஆளை ஒருக்கால் வரச்சொல்லு" என்று தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் நண்டு, பிறகு மீன் தலை, றால் கடைசியில். கரைத்த ஒடியல் மாவு எப்போது, புளி எப்போது என்று பானைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எல்லாம் காட்டினார். நான் எழுதியது பிழை என்று எனக்கு நாக்கில் விளங்கியது. மூன்று கோப்பை குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டுரையைத் திருத்தினேன். தகவல் தந்தவர் என்று அடிக்குறிப்பில் அவர் பெயரையும் முறைப்படி போட்டேன். இன்றைக்கு அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் இரண்டு பேர், முதற்பெயர் அவருடையது. அதற்குக் காரணம், அடிக்குறிப்பைக் கண்ட கையோடு அவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி: "கூழ் வைச்சது நான், குடிச்சது நீங்கள், என்ரை பேரை ஏன், மிஸ், காலடியிலை போட்டனீங்கள்?"

மிளகாய்க்கு முன்

பருத்தித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போனேன். வீட்டுக் குசினியிலிருந்து ஏதாவது ஒரு பொருள் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லியிருந்தேன். நிலத்தில் பெரிய உலகப் படம் ஒன்றை விரித்து, எந்தப் பொருள் எந்த நாட்டில் பிறந்ததோ அங்கே வைக்கச் சொன்னேன். உருளைக்கிழங்கு, தக்காளி, மரவள்ளி, பப்பாசி எல்லாம் கடல்தாண்டி அமெரிக்கக் கண்டத்துக்குப் போயின. செத்தல் மிளகாயை நான் எடுத்து அங்கே வைத்தபோது வகுப்பே கொதித்தது. அது போர்த்துக்கேயர் வழியாக வந்தது என்று நான் சொல்ல, பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, உண்மையான கவலையோடு கேட்டாள்: "அப்ப மிளகாய் வர முன்னம் இஞ்சை இருந்தவை யாழ்ப்பாணத்தாரே இல்லையோ மிஸ்?"

ஒன்றும் சமைக்காத நாள்

தவமணி அக்கா போர்க்காலத்தில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கொடிகாமத்துப் பக்கமே தங்கிவிட்டவர். அவரிடம் ஒரு கொப்பி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மற்றவர்களின் கொப்பிகளில் கேக்கும் பலகாரமும் இருக்கும். இது வேறு. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அன்றன்றைக்கு என்ன சமைத்தார் என்று திகதி போட்டு எழுதியிருந்தார். "சீனி இல்லை. தேத்தண்ணிக்குப் பனங்கட்டி." "தேங்காய் இல்லை. கீரை வெறும் தண்ணியில்." சில திகதிகளுக்கு நேரே இரண்டே சொல்: "ஒண்டும் இல்லை."

அவருடைய மகன் குகன் அரச உத்தியோகத்தர். நல்ல மரியாதையான மனிதர். தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "மற்றப் பக்கங்களைப் போடுங்கோ மிஸ். உந்தப் பக்கங்களை விடுங்கோ. எங்கடை வீட்டிலை அடுப்பு எரியேல்லை எண்டு ஊர் உலகம் வாசிக்கவேணுமே?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டார் வேண்டாம் என்றால் நாங்கள் படமெடுப்பதில்லை. நான் தேடிவந்ததே அந்தப் பக்கங்களைத்தான். ஆனாலும் கமராவைப் பைக்குள் வைத்தேன்.

குசினிக்குள்ளிருந்து தவமணி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகனைப் பார்த்து, "அப்ப உனக்கு ஏழு வயது. பசி கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கே?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"எப்பிடி இருக்கும்? முன்வீட்டு மனிசி உனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை கஞ்சி தந்தவ. அது எங்கடை அடுப்பிலை காய்ச்சினதில்லை. அதாலைதான் நான் அதை எழுதேல்லை. ஒண்டும் இல்லை எண்டது எனக்கும் உன்ரை அப்பாவுக்கும்."

குகன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கொப்பியை விரித்து, பக்கம் மடங்காமல் இரண்டு பெருவிரலாலும் அழுத்திப் பிடித்தார். படங்களில் அவருடைய பெருவிரல்கள் இருக்கின்றன, நான் வெட்டவில்லை. தான் காய்ச்சாத கஞ்சியைத் தன் கணக்கில் எழுதாத அந்தப் பெண்ணைவிட நேர்மையான வரலாற்றாசிரியரை நான் எந்த ஆவணகத்திலும் கண்டதில்லை. நான் பையை மூடியபோது தவமணி அக்கா என்னிடம் சொன்னார்: "என்ன சமைச்சனெண்டு எல்லாரும் எழுதுவினம் பிள்ளை. ஒண்டும் சமைக்காத நாளை ஆர் எழுதுறது?"

இரண்டு மை

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சகோதரிகள் பயற்றம் பணியாரத்தால் கதைபேச்சில்லாமல் இருந்தார்கள். அம்மா மிளகு போட்டவ என்பது மூத்தவரின் கட்சி. இல்லை, ஏலக்காய் என்பது இளையவரின் கட்சி. அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவருடைய கொப்பி எங்கள் சேகரிப்பில் இருந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் என்னிடம் வர, ஒரே நாளில் இருவரையும் கூப்பிட்டுத் திரையில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நீல மையில் "மிளகு" என்று எழுதி, பிறகு கறுப்பு மையால் வெட்டி, பக்கத்தில் "ஏலக்காய்" என்று போட்டிருந்தது. மூத்தவர் கலியாணம் முடித்துப் போனபின் அம்மா கைப்பக்குவத்தை மாற்றியிருக்கிறார்.

இருவரும் திரைக்குக் கிட்டப் போய் அம்மாவின் எழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். போகும்போது ஒரே ஓட்டோவில் போனார்கள். ஏறமுன் இளையவர் திரும்பிச் சொன்னார்: "அம்மா ரெண்டு பேரையும் சரியெண்டிட்டா மிஸ். இனி என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறதெண்டுதான் தெரியேல்லை."

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் நான் ஐயந்திரிபற நிறுவிய ஒரே உண்மை, போன வீட்டில் "சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்று சொன்ன எந்த ஆய்வாளரும் இதுவரை ஒரு கொப்பியோடு திரும்பி வந்ததில்லை என்பதுதான்.