மாடி விளக்கு எரியாத அந்தி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ரெஜி இன்றைக்கும் குளத்தூரில்தான் இருக்கிறான். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், அவ்வளவுதான்.

ரெஜியின் அண்ணன் ஜெயதாஸ் விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் ஒரு தனியார் கம்பெனியில் பயணிகள் விமானத்துக்கு கேப்டன் ஆனான். போன வருடம் டெல்லியில் ஒரு ஹோட்டல் அறையில் நெஞ்சுவலி. காலையில் கதவை உடைத்துத்தான் உடலை வெளியே எடுத்தார்கள்.

இது அவனுடைய முதல் நினைவு நாளில் நடந்தது. காலையில் சர்ச்சில் ஜெபம். உச்சக்கடை சந்திப்பில் யூனிபார்ம் போட்ட படத்தோடு ஆள் உயர ஃப்ளெக்ஸ். பேசியவர்கள் எல்லோரும் அண்ணன் புகழையே பாடினார்கள். துபாய் வேலையை உதறிவிட்டு வந்து, அம்மா ஜெயபாய்க்குச் சோறு போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, தினமும் கால் முட்டுக்குத் தைலம் தேய்த்துவிடுகிற ரெஜியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சர்ச்சுக்குப் புதிதாக வந்த போதகர் ஐயரிடம், "கேப்டனுக்க தம்பியாக்கும்" என்று காட்டினார்கள். பேர்கூடச் சொல்லவில்லை. ரெஜிக்கு வயிறு எரிந்தது. செத்தும் இவன் விடமாட்டான் போலிருக்கிறதே என்று ஆத்திரம் வந்தது.

அதைவிட எரிச்சல் அந்த மாடி விளக்கு. திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானங்கள் அவர்கள் வீட்டுப் பக்கமாகத் தாழ்ந்து போவதுண்டு. ஜெயதாஸ் ஓட்டி வருகிற நாட்களில் அம்மா தன் அறையில் இருந்தபடியே சுவிட்சைத் தட்டுவாள். மொட்டை மாடி விளக்கு மூன்று தடவை எரிந்து அணையும். அவன் போன பிறகும் தினமும் அந்தியில் அதை விடாமல் செய்து வந்தாள். கூட இருக்கிற பிள்ளை கண்ணில் படவில்லை, இல்லாத பிள்ளைக்கு விளக்கு. ரெஜிக்கு அன்று பொறுக்கவில்லை. மாடியேறி பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மணி ஆறே முக்கால். கீழே சுவிட்ச் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... விளக்கு எரியவில்லை. கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு அது தெரியவும் தெரியாது. ரெஜி இருட்டில் நின்று சிரித்துக்கொண்டான்.

அப்போதுதான் விமானச் சத்தம் வந்தது.

பூவார் பக்கமிருந்து வந்தது. தலைக்கு மேலே வந்தது. வந்த சத்தம் கடந்து போகவில்லை.

அண்ணாந்து பார்த்தான். வானத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சத்தம் மட்டும் மேலேயே நின்றது... கொடியில் கிடந்த துணி அசையவில்லை. தென்னை ஓலை அசையவில்லை.

சட்டென்று சத்தம் அடங்கியது.

தட்... தட்...

பூட்ஸ் சத்தம். அவனை உரசிக்கொண்டு போனது. மாடிப்படியில் இறங்கியது.

ரெஜி விழுந்தடித்துக் கீழே ஓடினான். அம்மாவின் அறை உள்ளே தாழிட்டிருந்தது. அவள் ஒருநாளும் தாழிடமாட்டாள்.

தட்டினான்.

"நில்லுலே... தேச்சு முடியட்டு" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

யார் தேய்ப்பது?

கதவு திறந்தது. அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுடைய இரண்டு முட்டும் எண்ணெயில் பளபளத்தன. தைலக் குப்பி அலமாரி உச்சியில், ரெஜி வைத்த இடத்திலேயே, மூடியபடி இருந்தது.

"அண்ணன் தேச்சான்" என்றாள் அம்மா. "கை நல்ல தணுப்பு, ஐஸு மாதிரி."

மறுநாள் காலையில்தான் ரெஜி அந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். அண்ணனைக் கூப்பிடுவதற்கு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தான்.

"இங்க எனக்கு சுகமாக்கும், ரெஜி கூட உண்டு, நீ போய்க்கோன்னு அர்த்தம்" என்றாள் அம்மா. "லைட்டு எரியல்லேன்னா இறங்கி வாறேன்னு சொல்லியிருந்தான்."

ஒவ்வொரு அந்தியிலும் அம்மா ரெஜியின் பேரைத்தான் வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாடியேறி பல்பை மாட்டினான். அம்மாவின் அறைக்கு ஓடிவந்து சுவிட்சைத் தட்டினான். மூன்று தடவையோடு நிறுத்தவில்லை. விரல் வலிக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தான்...

அம்மா அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"மதி மக்கா, தட்டினது போதும். அவன் இனி போவமாட்டானாம். நீ போய் உறங்கு, தைலம் அவன் தேய்ப்பான்."