சித்தியின் கரப்பான்பூச்சி

இல்லாத கரப்பான்பூச்சியைத் தேடி, கையில் செருப்போடு கட்டிலுக்கடியில் முழங்கால் தேய ஊர்ந்தவன் நான். அதுவும் அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் ஊர்ந்தேன். படித்தவன் அல்லவா!

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த புதிதில் அங்கே குமாஸ்தா வேலை கிடைத்து, முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவள். காலையில் என் தட்டில் மீனை அள்ளி வைத்து, “நீதான்டா எனக்குப் புள்ள” என்பாள். மத்தியானம் நான் பேசாமல் சாப்பிட்டதே அவமரியாதையாகி, என் டிரங்குப் பெட்டி தெருவில் கிடக்கும். விளக்கு வைப்பதற்குள் அவளே அதைத் தூக்கிவந்து, முந்தானையால் தூசி துடைத்து, நான் போய்விடுவேனோ என்று அழுவாள். மூன்றும் நிஜம். ஒரே மனநிலையோடு ஒரு நாளை ஓட்டவே எனக்கு மூச்சு வாங்கும்.

எல்லாம் வற்றிப்போகும் காலமும் உண்டு. “எனக்குக் கஃபார் வருது. யாரும் கிட்ட வராதீங்க, கண்டபடி பேசிடுவேன்” என்று அறிவித்துவிட்டுத்தான் அறைக்குள் போவாள். முதல் தடவை கேட்டபோது பிரெஞ்சு அகராதியைப் புரட்டினேன். ‘கரப்பான்பூச்சி’ என்றிருந்தது. சோற்றைத் தொடாமல் சுவரையே பார்த்துக் கிடப்பவள் இனி எழுவாளா என்று சித்தப்பா கதவருகே உட்கார்ந்திருந்தார். நானோ, ஒரு பூச்சிக்கா இத்தனை என்று நுழைந்துவிட்டேன்.

சித்தி மெல்லத் திரும்பினாள். “என்னடா தேடற?”

“கஃபார், சித்தி.”

சிரித்தாள். சிரிப்பு அழுகையாயிற்று; என் கையிலிருந்து பிடுங்கிய செருப்பு என்மேலேயே பறந்தது.

“மனசு இருண்டுபோனா பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் சொல்லுவான்” என்றார் சித்தப்பா வெளியே. “அவ தலைக்குள்ள இருக்கறத நீ கட்டிலுக்கடியில தேடற.”

மறுநாள் கொண்டை முடிந்து, வாளியும் துடைப்பமுமாக நின்றாள் சித்தி. கஃபார் அதற்குப் பிறகும் வந்தது, போனது, மறுபடி வந்தது. டாக்டர்கள் இப்போது நீளமான பெயர்கள் சொல்கிறார்கள். ஆனால் மூழ்கப் போகிறவள் கரையில் நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மூழ்குவதை, பிறகு தானே கரையேறி வருவதை, நான் வேறெங்கும் கண்டதில்லை.

இப்போதும் வீட்டில் கரப்பான்பூச்சி ஓடினால் செருப்பை எடுக்கக் கை வருவதில்லை. அன்று என் செருப்புதான் அவளை எழுப்பியது என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் சித்தியிடமே சொன்னேன்.

“அட போடா. தெருவுல மிதிச்ச செருப்ப எடுத்துக்குனு உள்ள பூந்துட்ட. அந்தத் தரைய வேற யாரு கழுவுவா? அதான் எழுந்தேன்.”