அறுபது கஜம்

எங்கள் தீவில், பரஹோனா என்ற எங்கள் ஊரில் பேஸ்பால் பழக்கும் ஆண்கள் முப்பது பேராவது இருப்பார்கள். பெண் ஒருத்திதான், டிக்னா ஃபெலிஸ். இளமையில் சாஃப்ட்பால் ஆடியவள். பிறகு கரும்பாலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. "பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. அவளிடம் ஆட்டம் பழகிய ஒன்பது பையன்கள் அமெரிக்க அணிகளில் சேர்ந்திருக்கிறார்கள், அதுவே பதில். நான் அவளுடைய மைதானத்தில் பந்து எறிந்து கொடுப்பவன். இருபது வயதில் ஓர் அமெரிக்க அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டவன் என்பதால் என் பேச்சில் கொஞ்சம் காரம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்னாவிடம் பழகிய பையன் அனெயூடிக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, ஓர் அணிக்காக ஆள் தேடும் ஃபாஸ்டோ வந்து அவனைப் பார்த்தான். நாலு லட்சம் டாலர் என்று சொல்லி டிக்னாவின் கையைக் குலுக்கினான். பதினாறு வயதில், ஜனவரி பதினைந்தாம் தேதிதான் சட்டப்படி கையெழுத்து. அதுவரை வாய்வார்த்தைதான். கை குலுக்கிய பிறகு பையனை வேறு அணிக்குக் காட்டக் கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. டிக்னா அதை விரதம் மாதிரி காத்தாள். போட்டிகளுக்கு அனுப்பவில்லை. வேறு அணிக்காரர்கள் வந்தால் அவனைப் பின்பக்கமாக வீட்டுக்கு விரட்டிவிடுவாள்.

"அக்கா, நாளைக்கு இவனுங்க கைவிட்டா என்ன பண்றது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்ன சொல்லு சொல்லுதான்டா. வாயை மூடிக்கிட்டுப் பந்தை எறி."

இரண்டு வருஷம் ஓடியது. கையெழுத்துக்கு முந்தின டிசம்பர் கடைசியில் ஃபாஸ்டோ வந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுடைய அணி, பழைய ஒப்பந்தம் முடிந்த ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்கியிருந்தது. அப்படிப்பட்டவனை வாங்கினால், எங்கள் மாதிரி நாட்டுப் பையன்களுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இழக்க வேண்டும் என்பது விதி. அங்கே ஒருவன் கோடீஸ்வரன் ஆனான், வெட்டு இங்கே விழுந்தது.

"எண்பதாயிரம், டிக்னா. வேணாம்னா இப்பவே சொல்லிடு. உன் பையனை வேற எவன் பாத்திருக்கான்?"

ஒருவரும் பார்த்ததில்லை. அவன் போன பிறகு டிக்னா அழுதாள். "அவனோட ரெண்டு வருஷத்தை நானே தின்னுட்டேன்டா" என்றாள்.

மறுநாளிலிருந்து எல்லா அணிகளுக்கும் போன் போட்டாள். எல்லாரிடமும் ஒரே பாட்டுதான். "இத்தனை நாள் ஒளிச்சு வச்சியே, தோள்பட்டை போயிடுச்சா? இல்ல, வயசுல ஏதாவது கோல்மாலா?"

ஜனவரி நாலாம் தேதி என்னையும் அனெயூடியையும் பஸ்ஸில் ஏற்றி போகா சிகாவுக்குக் கூட்டிப்போனாள். அணிகளின் பயிற்சி முகாம்கள் அங்கேதான் இருக்கின்றன. காலையில் ஆள் தேடுபவர்கள் கூடிக் காபி குடிக்கிற கடை ஒன்று உண்டு. அதன் எதிரே தெருவில் கயிறு பிடித்து, பையன்களின் வேகத்தைச் சோதிக்கும் அறுபது கஜத்தை அளந்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டாள்.

"என்ன டிக்னா, கல்யாணக் கோலமா?" என்று ஒருவன் கேட்க, கடையே சிரித்தது.

"ஓடுடா" என்றாள் அனெயூடியிடம்.

சிரித்தவர்களின் வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை பைக்குள் போய்விட்டது. ஸ்டாப் வாட்ச்சை அமுக்காமல் அவர்களால் ஓட்டத்தைப் பார்க்க முடியாது, அது ரத்தத்தில் ஊறியது. ஏழு பேர் அமுக்கினார்கள். அனெயூடி கோட்டைத் தாண்டியதும் ஏழு பேரும் வாட்ச்சை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார்கள். பிடிக்காத ஓட்டம் என்றால் பக்கத்து ஆளிடம் காட்டிக் கேலி பண்ணியிருப்பார்கள்.

"இன்னொரு வாட்டி ஓடுவானா?" என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

"எத்தனை வாட்டி வேணா ஓடுவான். பொறந்த சர்டிபிகேட் இருக்கு, தோள்பட்டை எக்ஸ்ரே இருக்கு. ஒளிச்சு வச்சது நான். தப்பு என்னோடது, அவனோடது இல்ல."

மத்தியானத்துக்குள் மூன்று அணிக்காரர்கள் அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். செய்தி காதில் விழுந்து ஃபாஸ்டோ வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

"பழைய தொகையே தர்றோம். மேலிடத்துல பேசிட்டேன்."

"எழுதிக் குடு."

"பதினஞ்சுக்கு முன்னால எழுதக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? கையைக் குடு, போதும்."

டிக்னா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கை ஒருதரம் குடுத்தாச்சு ஃபாஸ்டோ. பதினஞ்சு வரைக்கும் இவன் தினமும் காலைல இந்தத் தெருவுல ஓடுவான். யார் வேணா பாக்கலாம். நீயும் வந்து பாரு."

தினமும் ஓடினான். ஃபாஸ்டோவும் தினமும் வந்து, மற்றவர்களின் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினைந்தாம் தேதி பத்து மணிக்கு ஃபாஸ்டோவின் அணியிலிருந்து காகிதம் வந்தது. நாலு லட்சம், ஒரு டாலர் குறையவில்லை. அனெயூடி கையெழுத்துப் போட்டான்.

அன்று காலை ஏழு மணிக்கும் டிக்னா அவனை ஓடவிட்டிருந்தாள்.