கிளிப்பைக் கழற்றிய மரியாதை

என் பாட்டு நோட்டின் மேல் ஒரு கிளிப் இருக்கிறது. துணி காயப்போடும் கிளிப் இல்லை, கிடார்க்காரர்கள் கம்பிகளின் மேல் கவ்வவிடுகிற கிளிப். கறுப்புச் சாயம் உரிந்து உள்ளே வெள்ளையாக உலோகம் தெரிகிறது. ரப்பர் பட்டையில் ஆறு கம்பிகளின் தடம் ஆறு சின்னப் பள்ளங்களாக விழுந்திருக்கிறது. முறையாக அதைக் கேப்போ என்பார்கள். எங்கள் மெல்லிசைக் குழுவில் எல்லோருக்கும் அது கிளிப்தான். கிடாரின் கழுத்தில் முதல் கட்டத்தில் அதை மாட்டினால் சுருதி அரைக்கட்டை ஏறும், கழற்றினால் இறங்கும். அதற்கு மேல் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் பதினோரு வருஷம் மேடையில் பாடியிருக்கிறேன். இதில் நான் கணக்கு டீச்சர் வேறு.

கிளிப்புக்குச் சொந்தக்காரர் எங்கள் கிடார் அண்ணா. பம்மல்காரர். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அண்ணாவுக்கு இருபது வயதில் ராக் பைத்தியம் பிடித்தது. அதிலும் சாதாரண ராக் இல்லை, ஒரே பாட்டு பதினெட்டு நிமிஷம் ஓடும், தாளம் ஏழில் ஆரம்பித்து ஐந்துக்குப் போய், எதிர்பாராத இடத்தில் நாலில் வந்து குதிக்கும், அந்த வகை. நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பழகினார்களாம். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் அண்ணா சொந்தமாகப் போட்ட பாட்டை வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். "அஞ்சாவது நிமிஷத்துல பாதி ஹால் டீ குடிக்கப் போயிடுச்சு சிஸ்டர். எட்டாவது நிமிஷத்துல கரண்ட்ட புடுங்கிட்டானுங்க" என்று சொல்லிச் சிரிப்பார். எத்தனை தடவை சொன்னாலும் அந்த இடத்தில் அவர் சிரிப்பு கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடும். நண்பர்களில் ஒருவர் துபாய்க்குப் போனார், ஒருவர் பாஸ்டர் ஆனார், இன்னொருவர் என்ன ஆனார் என்று அண்ணாவுக்கே தெரியாது. அண்ணா மட்டும் கிடாரைக் கீழே வைக்கவில்லை.

கீழே வைக்கவில்லை என்றால், அடுத்தவர் பாட்டுக்கெல்லாம் வாசித்தார் என்று அர்த்தம். காலையில் ஸ்டுடியோவில் பல்பொடி விளம்பரம், மத்தியானம் அம்மன் பாட்டு, சாயங்காலம் பல்லாவரத்தில் கல்யாண வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடற்குழு. கிடாரிலேயே வீணை வரும், மாண்டலின் வரும், கேட்டால் நாதஸ்வரம்கூடக் கொஞ்சம் வரும். ஒத்திகை இல்லாத பாட்டை மேடையில் யாராவது கேட்டுவிட்டால் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். எங்கே நிற்பார் தெரியுமா? பாடுகிறவருக்கு இடது பக்கம், ஓர் அடி பின்னால், விளக்கு விழாத இடத்தில். போட்டோக்களில் அவருடைய முழங்கை மட்டும்தான் இருக்கும். ஆல்பத்தைப் புரட்டும்போது எனக்கே அது பெரிதாகத் தோன்றியதில்லை. நான் என் புடவையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்!

குரோம்பேட்டையில் பள்ளிக்கூட வேலை, வார இறுதியில் கச்சேரி என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு முப்பத்தெட்டு வயதில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் தையல் கோடு மறைந்துவிட்டது, மேல் ஸ்தாயி திரும்பவில்லை. ஒரிஜினல் சுருதியில், அதாவது இசைத்தட்டில் இருக்கிற அதே கட்டையில் பாடுகிறவள் என்பதுதான் என் பெயரே. அதற்காகத்தான் கூப்பிடுவார்கள். நாலு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். பாட்டை ஓடவிட்டுக் கூடவே பாடினால், சரணத்தில் உச்சிக்குப் போகிற இடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். அழுவேன். பாட்டில்லாவிட்டால் நான் யார், வெறும் வகுப்பறையும் சமையலறையும்தானா என்று இருக்கும். கடைசியில், வருவது வரட்டும் என்று ஒரு வரவேற்புக் கச்சேரிக்குப் போய் நின்றேன். அன்றைக்குச் சரணத்தில் குரல் எண்ணெய் போட்ட மாதிரி மேலே போயிற்று. மேடையிலேயே கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்துதான் அண்ணா அந்தக் காரியத்தைச் செய்ய ஆரம்பித்தார். மற்றவர்கள் பாடும்போது கிளிப் கிடாரில் இருக்கும். நான் மைக் முன்னால் வந்ததும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் மாட்டிக்கொள்வார். நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நோயோடு போராடி மீண்டு வந்தவளுக்கு அவர் காட்டுகிற மரியாதை என்று நினைத்தேன். சிலர் செருப்பைக் கழற்றுவார்கள், இவர் கிளிப்பைக் கழற்றுகிறார். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். வீட்டில் பழகினால் இன்னமும் கட்டிக்கொள்ளும் தொண்டை, மேடையில் மட்டும் எப்படித் திறக்கிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. "மேடை ராசிங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

பதினோரு வருஷம் கழித்து, கோவளத்தில் ஒரு கடற்கரை விடுதியில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம். எங்கள் குழுத் தலைவர்தான் வழக்கமாகக் கீபோர்டு வாசிப்பார். அவருக்கு முட்டி ஆபரேஷன் என்பதால் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு ஐ.டி. கம்பெனிப் பெண் வந்திருந்தாள். வெயில் தாழ்ந்த நேரம், மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு பேப்பரைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"மேடம், உங்க பாட்டுக்கு மட்டும் மைனஸ் ஒன் தானே? அண்ணா லிஸ்ட்ல எழுதியிருக்கார்."

"மைனஸ் ஒன்னா? எதுக்கு?"

"அரைக்கட்டை கீழ, மேடம்."

 தபேலாக்காரர் குனிந்து சுத்தியலைத் தேடினார். பேஸ் கிடார்க்காரர் கடலைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! திரும்பிப் பார்த்தேன். அண்ணாவின் சட்டைப் பையில் கிளிப். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராக் காலத்துப் பழக்கமாக அவர் கிடார் எப்போதுமே அரைக்கட்டை இறக்கித்தான் சுருதி சேர்த்திருக்கும். மற்றவர்களுக்குக் கிளிப் போட்டு ஏற்றினார். எனக்குக் கழற்றி இறக்கினார். மரியாதையாவது மண்ணாவது!

"என் தொண்டைக்கு நீங்க யாரு? பக்கத்துல நின்னு வாசிக்கிறவர் பக்கத்துலயே நில்லுங்க. எனக்கு ஒரிஜினல் சுருதிதான் வேணும்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் "செரி சிஸ்டர்" என்று கிளிப்பை எடுத்து மாட்டினார்.

சாயங்காலம் பாடினேன். சரணத்தில் அந்த உச்சி வந்தது. குரல் ஏறவில்லை. சத்தமே இல்லாமல் வெறும் காற்று வந்தது. ஒரு நொடி இருக்குமா? அதற்குள் கிடார் அந்த ஸ்வரத்தை எடுத்துக்கொண்டது, என் குரல் வளைகிற மாதிரியே வளைந்து, வரியை முடித்து, பல்லவியின் வாசலில் என்னைக் கொண்டுவந்து விட்டது. ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். நான் மிச்சத்தைப் பாடி முடித்தேன். திரும்பும்போது வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். 

அதற்கப்புறம் குழுவுக்குப் போகவில்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டியவள்தான், தெரியும். ஆனால் பதினோரு வருஷம் திரும்பி வந்துவிட்டதாக நான் கொண்டாடிய குரல் திரும்பவே இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டுமே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று மனசு கொதித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்.

"உனக்கு அவர்மேல கோவமா, இல்ல தைராய்டு மேல கோவமா?"

அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. ஒரு சனிக்கிழமை காலை, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, பட்டர் பிஸ்கட் பாக்கெட்டோடு வாசலில் நின்றார் அண்ணா. இளைத்திருந்தார். கிடார் இல்லாமல் அவரைப் பார்ப்பது வினோதமாக இருந்தது. உட்கார்ந்ததும் இடது கையை நீட்டிக் காட்டினார். மோதிர விரல் மடங்கினால் அப்படியே பூட்டிக்கொள்கிறது, மற்ற கையால் பிடித்துத்தான் நிமிர்த்த வேண்டும். சர்க்கரை இருப்பதால் ஊசி, ஆபரேஷன் எல்லாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"எல்லார் பாட்டுக்கும் வாசிச்சாச்சு சிஸ்டர். என்னுது ஒன்னு கீது, தெரியுமில்ல. வெரலு நிக்கறதுக்குள்ள ஒரு தபா முழுசா வாசிச்சுடணும். சர்ச் ஸ்கூல் ஹால குடுக்கறேன்னுட்டாங்க. கடைசில ஒரு குரல் வருது. வார்த்தை இல்ல, வெறும் ஆ... ஆ...தான். நீங்க பாடணும்."

 "எந்தக் கட்டை?" என்று கேட்டேன்.

"நீங்க எங்க பாடறீங்களோ அங்க. இந்த வாட்டி சொல்லிட்டே செய்யறேன்."

அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? பிஸ்கட்டைப் பிரித்துத் தட்டில் வைத்தேன்.

கோவிலம்பாக்கத்தில் அந்தக் கீபோர்டுப் பெண்ணின் வீட்டு மாடியில் ஒத்திகை. கையால் தொடையில் தட்டி ஏழு எண்ணினால் எனக்கு ஆறிலேயே இடறும். "கணக்கு டீச்சருக்கே ஏழு வர்லன்னா, பேஜாரு சிஸ்டர்" என்று கிண்டல் செய்வார். ஆனால் நடுவில் ஒரு வேகமான பகுதி, அங்கே அவரே இடறினார். மூன்று தடவை. மூன்றாவது தடவை எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். விரலை நிமிர்த்துகிறார் என்பது தோளிலேயே தெரிந்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று டிரம்ஸ்காரர் சொன்னதற்கு, அதுவரை நான் பார்த்திராத ஒரு முகம் வந்தது அவருக்கு. "நிமிஷத்துக்கு நூத்தி முப்பத்திரெண்டு தட்டு. ஒரு பாயிண்ட் கொறஞ்சாலும் அது என் பாட்டு இல்ல" என்றார். எனக்குக் கோவளத்தில் கத்திய என் குரலே கேட்டது.

நாங்கள் எல்லோரும் காதில் கருவி மாட்டிக்கொண்டு, லேப்டாப்பிலிருந்து டிக் டிக் என்று வருகிற கணக்கில்தான் வாசிப்போம். நிகழ்ச்சியன்று ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கீபோர்டுப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அந்த நடுப் பகுதியை மட்டும் நூத்தி இருபதுல வை. அண்ணாகிட்ட சொல்லாதே."

அவள் என்னைப் பார்த்தாள். லிஸ்ட்டை வாசித்துக் காட்டியவள் அல்லவா. "மேடம், நீங்களா சொல்றீங்க?" என்றாள்.

"நான்தான் சொல்றேன். வை."

தாம்பரத்தில் அந்த ஹாலில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். பாஸ்டர் ஆன அந்தப் பழைய நண்பர் முதல் வரிசையில். அன்றைக்கு நான்தான் இடது பக்கம் ஓர் அடி பின்னால் நின்றேன், விளக்கு அண்ணா மேல் விழுந்தது. வேகமான பகுதி வந்தபோது நான் அவர் இடது கையையே பார்த்தேன். முதல் சுற்றில் அவர் தலையை லேசாகத் தூக்கினார். அவ்வளவுதான். விரல்கள் ஓடின. ஒரு ஸ்வரம்கூட விழவில்லை. எட்டாவது நிமிஷம் தாண்டியது, யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கரண்ட்டைப் பிடுங்கவில்லை. கடைசியில் என் குரல் போய்ச் சேர்ந்துகொண்டது. முடிந்தபோது பாஸ்டர் எழுந்து நின்று, கைதட்ட மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு அண்ணா ஒயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"எவ்ளோ கொறச்சீங்க சிஸ்டர்? பத்தா, பன்னெண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பன்னெண்டு" என்றேன். "கோவமாண்ணா?"

"வந்துச்சு. வராம இருக்குமா? பாட்டு முடியறதுக்குள்ள போயிடுச்சு." ஒயரை முடிச்சுப் போட்டார். "உங்களுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து கிளிப்பை எடுத்து என் பாட்டு நோட்டில் மாட்டினார்.

"இன்னமே எனக்கு இது எதுக்கு? நீங்க வெச்சுக்குங்க."

அவர் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நானும் சொல்லவில்லை என்பதும் நினைவிருக்கிறது. அண்ணா இப்போது கல்யாணக் கச்சேரிகளுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மெதுவான பாட்டுகளுக்கு மட்டும் வாசிக்கிறார். நான் மறுபடி கச்சேரிகளில் பாடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் மேடவாக்கத்தில் ஒரு வரவேற்பு. மைக் முன்னால் நின்றதும் பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பினேன். வேறு யாரோ ஒரு கிடார்க்காரர் நின்றிருந்தார். "எனக்கு அரைக்கட்டை கீழ வைங்க" என்றேன். மைக் திறந்திருந்தது போல, முழு மண்டபத்துக்கும் கேட்டுவிட்டது. கேட்டால் கேட்கட்டும். நோட்டிலிருந்து கிளிப்பைக் கழற்றி முந்தானையில் மாட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தேன்.