படிக்கட்டுக்குக் கீழே வைத்த மூட்டை

அந்தக் காக்கித் துணிப் பையை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்ட முடியும். மரத் தரையைத் தேய்க்கும் மிஷினின் பின்புறம் தொங்கும் பை அது. தேய்க்கும்போது கிளம்பும் தூளெல்லாம் அதற்குள் போய்ச் சேரும். வாயைக் கட்ட ஒரு நாடா, ஓரத்தில் ஒட்டுப் போட்ட கிழிசல், அடியில் எண்ணெய்க் கறை. மிஷினை ஓட்டியவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். பையில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் மிஷினை நிறுத்துவார், வயரைப் பிடுங்குவார், பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கி, வாசலைத் தாண்டி, பாலாற்று மணலில் கொட்டிவிட்டு, ஊற்றுத் தண்ணீரை ஒரு குடம் அதன்மேல் ஊற்றிவிட்டுத்தான் திரும்புவார். ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இந்த வயதிலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனி. பெயர் வேண்டாம், பெயர் சொல்லும் தகுதி அதற்குக் கிடையாது. பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் கூடம் மாடியில் இருந்தது. தேக்குப் பலகைத் தரை. முப்பது நாற்பது பெண்கள் அந்தத் தரையில் உட்கார்ந்து தோலை விரித்து, தடவிப் பார்த்து அடுக்குவார்கள். பலகை பழசாகிச் சிராய் விட்டு, தோலைக் கீறத் தொடங்கியது. சீமையிலிருந்து புகார் வந்தது. பெண்களின் கையையும் தொடையையும் அதே சிராய்கள் பல வருஷமாகக் கீறிக்கொண்டிருந்தன, அதற்கு எவனும் மிஷின் வாங்கவில்லை. தோலில் கீறல் விழுந்ததும் மானேஜர் மதராஸிலிருந்து மிஷினை வரவழைத்துவிட்டார். கூடவே வந்தவர்தான் பாய். சொந்த ஊர் வாணியம்பாடி. மதராஸில் துரைமார் ஜோடி போட்டு ஆடும் கூடங்களின் தரையைத் தேய்த்துப் பழகியவர். வயரைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று, பட்டறையில் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் போட்டார்கள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவருக்கு மூன்று பிள்ளைகள், எனக்கு நான்கு.

முதல் இரண்டு நாள் அவர் மிஷினைத் தொடவே இல்லை. கூடத்தில் பாதியைச் சாக்குத் திரை போட்டுத் தடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பலகையாக உள்ளங்கையால் தடவி, துருத்திக்கொண்டிருந்த ஆணித் தலைகளையெல்லாம் உளி வைத்து உள்ளே இறக்கினார். "மிஷின ஓட்றதுக்குச் சம்பளமா, தரைய தடவறதுக்கா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஆணித் தல போதும்யா. மிஷின் உருள பட்டுச்சுன்னா பொறி பறந்து பைக்குள்ள போய்டும். அப்புறம் உன் பேஜாரு, என் பேஜாரோட போவாது. இங்க உக்காந்துகினு இருக்கிற அத்தினி பேருக்கும் பேஜாரு" என்றார்.

மிஷின் ஓடத் தொடங்கியதும் அவர் வேறு மனிதர். உப்புத்தாள் சுற்றிய அந்த உருளை ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றாலும் பலகையில் குழி விழுந்துவிடும். அதனால் நடக்கத் தொடங்கிய பிறகே உருளையை மெல்ல இறக்குவார், நிற்பதற்கு முன்பே தூக்கிவிடுவார். நான் பின்னாலேயே வயரைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். தரையில் விட்டால் வசவு. தாள் மாற்றும்போது வயரைப் பிடுங்கி அதன் முனையை என் கையில் திணிப்பார். "நீயே வச்சுக்கோ. என் பத்து விரலும் இப்ப உன் கையிலதான் இருக்குது" என்பார். அப்படி நம்பினார் என்னை!

தோல் கம்பெனியில் எதையும் எறிய மாட்டார்கள். சுரண்டின மயிர் ஒரு பக்கம் போகும், சவ்வு வஜ்ஜிரப் பசை காய்ச்சப் போகும், சாறு இறங்கின ஆவாரம்பட்டைச் சக்கை அடுப்புக்குப் போகும். மரத்தூளை மில்லிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவோம். ஈரத் தூளில் புதைத்து வைத்தால்தான் தோல் பதமாகும், பிறகு இழுத்து மிருதுவாக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நாளெல்லாம் தூளைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினால் சும்மா விடுவார்களா? மிஷின் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் மானேஜர் படியிலேயே மறித்தார். "நாம தூளுக்கு அலையறோம், இவன் ஆத்துல கொட்றான். இன்னா திமிரு இவனுக்கு!"

பாய் நிதானமாகத்தான் சொன்னார். "ஐயா, இது மில்லு தூளு இல்ல. வருஷா வருஷம் தரைக்குப் பூசின ஆளிவிதை எண்ணெய குடிச்ச தூளு. மூட்டையில அடச்சு வச்சா தானா சூடு புடிக்கும். நெருப்பே வேணாம், தானா பத்திக்கும்." மானேஜர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "தானா பத்திக்குமாம்! கண்கட்டு வித்தக்காரன்னு நெனப்பு இவனுக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், இனிமே பைய நீ வாங்கி மூட்டையில கொட்டு. மழ படாம படிக்குக் கீழ வை" என்றார். அன்று மத்தியானம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "வெளியிலயாவது வையேன்யா. மேல இருக்கிறவங்களுக்கு எறங்க அந்த ஒரு படிதான் இருக்குது." நான் சொன்னது இதுதான்: "மானேஜர் சொல்லிட்டாரு பாய்." இரண்டு நாளில் இரண்டு மூட்டை நிரம்பியது. கட்டித் தூக்கி வைத்தவன் நான்.

அப்போது ரம்ஜான் மாதம். பாய் நோன்பு, வெயிலில் நாக்கு வறண்டு போனாலும் எச்சிலைக்கூட விழுங்க யோசிப்பவர். நோன்பு திறந்த பிறகும்கூட அவர் பீடி பிடித்து நான் பார்த்ததில்லை. மேலே வரும் ஆண்களின் மடியைத் தடவி பீடிக்கட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் திருப்பித் தருகிறவர் அவர். மூட்டை வைத்த இரண்டாம் நாள் சாயங்காலம், வெயில் தாழும் நேரம், படி வழியாகப் புகை ஏறி வந்தது. மரப் படி. எட்டிப் பார்ப்பதற்குள் கீழ்ப் பாதி எரிந்துகொண்டிருந்தது. பாய் மிஷினை நிறுத்தி, அந்த நேரத்திலும் வயரைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலுக்கு ஓடினார். தோல் கட்டுகளை மேலே ஏற்றும் கப்பியில் கயிறு இருந்தது. அதில் ஒவ்வொரு பெண்ணாகக் கட்டி இறக்கினோம். இறக்கினோம் என்கிறேன், கயிறு முக்கால்வாசி அவர் கையில்தான் இருந்தது. கடைசியில் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. ஒருத்திக்கு மட்டும் கால் முறிந்தது. கூடத்துக்கு ஏறுவதற்குள் கீழே இருந்தவர்கள் தீயைப் படியோடு அணைத்துவிட்டார்கள். உயிர்ச் சேதம் இல்லை. அது அந்த மனிதர் போட்ட பிச்சை.

அதற்கு அவருக்குக் கிடைத்த கூலியைக் கேளுங்கள். மறுநாள் ஆபீஸ் அறையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. இங்கிலீஷில் இருந்ததைக் குமாஸ்தா மெல்லிய குரலில் தமிழில் சொன்னார்: மிஷின்காரர் படிக்கட்டில் பீடி பிடித்து எறிந்ததால் தீப்பிடித்தது, அதைக் கூட இருந்தவர் கண்ணால் பார்த்தார். கூட இருந்தவர் என்றால் நான். நோன்பு வைத்த வாயில் பீடியாம்! எழுதியவனுக்குக் கை கூசவில்லை. மூட்டை வைக்கச் சொன்னது மானேஜர் என்று தெரிந்தால் அவர் நாற்காலி போய்விடும், அவ்வளவுதான் விஷயம். எனக்காவது கூசியதா? நான்கு பிள்ளைகள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பாயை அன்றே விரட்டினார்கள். வாணியம்பாடிக்குப் போன பிறகு, வேலை போனதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லையாம். "நோன்பு நாள்ல பகல்ல பீடி பிடிச்சியாமே?" என்றுதான் கேட்டார்களாம். பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கம்பெனியின் வாசலில் இன்றைக்கும் 'பீடி பிடிக்காதே' என்று பலகை தொங்குகிறது. தூளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நான்கைந்து மாதத்தில் புதுப் படி கட்டினார்கள். அதுவும் மரம்தான். வேறொரு ஆளை வைத்து மீதித் தரையைத் தேய்க்கத் தொடங்கினார்கள். மூட்டையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். "வழக்கம் போல" என்றார் மானேஜர். வைத்தேன். மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் வாணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். பாய் ஒரு வண்டிப் பட்டறையில் அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் காகிதத்துல கையெழுத்து போட்டது நான்தான் பாய்" என்றேன்.

"தெரியும்" என்றார். தலை நிமிரவில்லை. பிறகு கேட்டார்: "மூட்டைய இப்ப எங்க வைக்கிறாங்க?"

"அங்கதான். படிக்குக் கீழ."

"பொம்பளைங்க?"

"மேலதான்."

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கையைச் சாக்கில் துடைத்தார், செருப்பை மாட்டினார், "வா" என்றார்.

கம்பெனி வாசலில் காவல்காரன் அவரை உள்ளே விடவில்லை. பாய் தெருவில் நின்றபடியே மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, எல்லாரும் எறங்குங்கம்மா! படிக்குக் கீழ மூட்ட இருக்குது, எறங்குங்க!" கயிற்றில் கட்டி இறக்கியவரின் குரல் அந்தப் பெண்களுக்குத் தெரியாதா? தோலைப் போட்டது போட்டபடி இறங்கி வந்தார்கள். கால் முறிந்து இப்போது நொண்டி நடக்கிறவள்தான் முதலில் மூட்டையைப் பிரித்து உள்ளே கையை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, சுடுதுடி! உள்ள கொதிக்குதுடி!" ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மூட்டையை வெளியே இழுத்துப்போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தூளிலிருந்து ஆவி கிளம்பியது.

மானேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஆவியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே நின்ற பாயையும் பார்த்தார். உடனே குரலை உயர்த்தினார்: "எவன்டா இத இங்க கொண்ணாந்து வச்சது?"

நான் முன்னால் போனேன்.

"நான்தான் ஐயா. நீங்க சொல்லித்தான் வச்சேன். ரெண்டு தடவையும்."